இருநூறு வோல்ட்

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க சார், ஒரு கால் ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க. இது என்னோடதுதான், பரவாயில்ல, நான் நின்னு பழகுனவன். ஃபேனா? போடக்கூடாது சார். காத்து பட்டா ரீடிங் ஆடுதுன்னு எச்.ஓ.டி. சாரோட ஆர்டர். கதவையும் தொறந்து வைக்கக்கூடாது. ஃபர்னஸ் ஐந்நூறு டிகிரியைத் தாண்டிட்டா ஆபரேட்டர் ரூமை விட்டு வெளிய போகக்கூடாது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். ஒண்ணுக்குப் போறதா இருந்தாலும் ஆள் மாத்தி விட்டுட்டுத்தான் போகணும். மாத்தி விட ஆள் எங்க இருக்கு? நான் ஒருத்தன்தான்.

இப்ப அறுநூத்தித் தொண்ணூறு. நிமிஷத்துக்கு அஞ்சு டிகிரிதான் ஏறும். எண்ணூத்தம்பது வர அரை மணிக்கு மேல ஆயிடும். அப்பத்தான் நீங்க மாத்துன கார்டுக்கு லோடு குடுத்துப் பாக்க முடியும். இதுல ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஜெசிமாவும் நாலு மணிக்குத்தான் வரும். அதுவரைக்கும் நீங்களும் என்கூட உள்ளதான் சார். உங்களுக்கு அரை மணி நேரம். எனக்குப் பதினெட்டு வருஷம்.

பவர் சப்ளை பின்பக்க மூடியைக் கழட்டினதும் ஒண்ணு கேட்டீங்களே, கரண்ட் லிமிட் பண்ற கார்டு கருகி ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் போலிருக்கே, இது இல்லாம இத்தன நாள் எப்படி ஓட்டுனீங்கன்னு. ஓட்டினோம் சார். சும்மா ஓட்டல, பேப்பரே போட்டாச்சு. நூத்திப் பன்னெண்டு சாம்பிள், அத்தனையும் கல்லு மாதிரி. எச்.ஓ.டி. புருஷோத்தமன் சார் அதைத் தூக்கிட்டு ஜப்பானுக்கே போயிப் பேசிட்டு வந்தாரு. எப்படின்னு கேட்டா இந்த பில்டிங்ல யாரும் ஒரே பதில்தான் சொல்லுவாங்க. மாசிலாமணிக்குக் கைராசிம்பாங்க.

சிரிக்காதீங்க சார்.

நீங்க கரண்ட் ஆளு. பீங்கான் சமாச்சாரம் உங்களுக்குப் புதுசா இருக்கும், சொல்றேன். டாக்டருங்க பல்லுக்கு வெள்ளையா மூடி போடுறாங்கல்ல, சிர்கோனியான்னு, அந்தப் பொடிதான். அதை அச்சுல வெச்சு அமுக்குனா நாய் பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு வரும். அப்ப அது சுண்ணாம்பு மாதிரி இருக்கும், நகத்தால கீறலாம். உள்ள பூரா பொத்தல். அந்தப் பொத்தலெல்லாம் அடைஞ்சு இறுகணும்னா ஆயிரத்து நானூத்தம்பது டிகிரியில நாலு மணி நேரம் வேகணும். ஏத்தி இறக்க ரெண்டு நாள். இந்த ஜெசிமா பண்ற வேலை அது இல்ல. எண்ணூத்தம்பது போதும்கும். ரெண்டு பக்கமும் பிளாட்டினம் கம்பியக் கட்டி உள்ள தொங்கவிட்டு இருநூறு வோல்ட் குடுக்கணும். கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்காது. பீங்கான்ல கரண்ட் எப்படிப் பாயும்னு நாம நெனப்போம். திடீர்னு பாயும் சார். பாஞ்சதும் வெள்ளையா ஒரு வெளிச்சம், ஃப்ளாஷ்ம்பாங்க. அரை நிமிஷத்துல அந்தத் துண்டு சுருங்கி இறுகிப் போயிடும். ரெண்டு நாள் வேலை அரை நிமிஷத்துல முடிஞ்சுது. நானே மொத தடவ பாத்தப்ப வாயைப் பொளந்துட்டேன்.

ஆனா அதுல ஒரு சங்கடம் இருக்கு. சூடு ஏற ஏற கரண்ட் கூடும். கரண்ட் கூடக் கூட சூடு ஏறும். ஒண்ணை ஒண்ணு கிளப்பி விட்டுக்கும். நடுவுல யாரும் பிடிக்கலன்னா துண்டு ஒரு கோடா உருகி ரெண்டாப் போயிடும். அதைப் பிடிக்கத்தான் உங்க கார்டு. அது தெரியாதா எனக்கு? தெரியும். இப்ப நீங்க சொல்லித் தெரியும்.

இருங்க, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்.

போன வருஷம் ஆடி மாசம் மொத தடவ போட்டப்ப நடந்ததைக் கேளுங்க. ஜெசிமா ஃபர்னஸ்ல உள்ள பாக்குற அந்தத் துவாரத்துல கண்ணை வெச்சு நிக்குது. நான் வோல்ட் ஏத்தி இறக்குற குமிழ்கிட்ட. ஆம்பியர் முள்ளு விறுக்குனு எகிறுச்சு பாருங்க. குறைக்கணும்னு திருப்புனேன். பதட்டத்துல எதிர்ப்பக்கமாத் திருப்பிட்டேன். மெயின் அடிச்சிடுச்சு. இந்த பிளாக்கோட மெயின்லதான் பிரின்சிபால் ரூமும் இருக்கு. அங்க அப்ப மேனேஜ்மென்ட் மீட்டிங். ஆடி மாசத்துப் புழுக்கத்துல பெரிய மனுஷங்க பதினஞ்சு பேரு இருட்டுல உக்காந்திருந்தாங்க. மறுநாள் எனக்கு மெமோ. ‘பரிசோதனை ஓடும்போது எந்தக் குமிழையும் தொட மாட்டேன்’னு டைப் அடிச்சுக் கையெழுத்து வாங்கி என் ஃபைல்ல கோத்துட்டாங்க. உங்க கார்டும் அன்னிக்குத்தான் கருகியிருக்கும்.

எழுதிக் குடுத்துட்டேன். ஆனா கை கேக்கணுமே சார். மறு தடவ ஓட்டும்போது முள்ளு அசையறதுக்கு முன்னாடியே துவாரத்து ஓரத்துல ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது. எனக்குக் கண்ணுல தெரியுறது பிரின்சிபால் ரூம்தான். கை தானாக் குமிழை இந்தப் பக்கம் இறக்கிடுச்சு. இருநூறு, நூத்தம்பது, நூறு, தொண்ணூறு. முள்ளு ஒரு ஆம்பியர்லயே நின்னுச்சு. அம்புட்டுதான். துண்டை எடுத்து ஜெசிமா தண்ணியில முக்கி எடை போட்டுப் பாத்துச்சு. தொண்ணூத்தியெட்டு சதவீதம் இறுகிடுச்சுன்னு அந்தப் பொண்ணு இந்த ரூம்ல குதிச்சுது.

அதெல்லாம் ஒரு வேலையா சார்? பள்ளிக்கூடம் வந்தா பஸ் டிரைவர் ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுக்குறாரு, அதை டிரிப் ஷீட்டுலயா எழுதுறாரு? அப்படித்தான். யாரும் பாக்கலையான்னு கேக்குறீங்களா? ஃப்ளாஷ் வரும்போது எல்லாரும் அந்தத் துவாரத்தைத்தான் பாப்பாங்க. அந்த நேரத்துல என் கையை எவன் பாக்கப் போறான்? ஜெசிமா அங்க கண்ணை எடுக்காமலே கேக்கும், ‘அண்ணே, வோல்ட் எவ்வளவு’ன்னு. இருநூறும்பேன். வெச்சது இருநூறுதானே. அதுவும் இருநூறுன்னு எழுதிக்கும். லாக் புக்குல நானும் இருநூறுன்னு எழுதுவேன். பேப்பர்லயும் இருநூறுதான் அச்சாயிருக்கு, கடைசி வரைக்கும் மாறாத இருநூறு வோல்ட்டுன்னு.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?

சரி, கேளுங்க. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். பக்கத்து டிபார்ட்மென்ட்லேருந்து லேப் அசிஸ்டென்ட் ஒருத்தர் வந்து குமிழ்கிட்ட நின்னாரு. மூணு துண்டு போட்டாங்க, மூணும் ரெண்டாப் போச்சு. மறுநாள் நான் வந்து போட்டேன், ஜம்முனு வந்துச்சு. புருஷோத்தமன் சார் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, ‘யோவ் மாசிலாமணி, உன் கைராசிய்யா’ன்னாரு. அவரு விளையாட்டாத்தான் சொன்னாரு. ஆனா அது அப்படியே ஒட்டிக்கிச்சு. ஆயுத பூஜை அன்னிக்கு ஃபர்னஸுக்குப் பொட்டு வெச்சுட்டு, என் வலது கையிலயும் சந்தனம் தடவி விட்டாங்க. பக்கத்து டிபார்ட்மென்ட் ஆளுங்கல்லாம் சாம்பிளைத் தூக்கிட்டு வந்து, ‘அண்ணே, சும்மா ஒரு தடவ தொட்டுக் குடுங்க’ம்பாங்க. ஒரு மேடம் ராகுகாலம் பாத்துக் குடுத்துட்டுப் போகும். எல்லாம் டாக்டர் பட்டம் வாங்குனவங்க சார்.

பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பிடிச்சிருந்துச்சு. பதினேழு வருஷமா இந்த காரிடார்ல என்னை ‘ஏய் ஃபர்னஸு’ன்னுதான் கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு மாசிலாமணின்னு ஒரு பேரு இருக்கறதே இவங்களுக்குத் தெரிஞ்சுது.

எழுநூத்தி அம்பது ஆச்சு. தண்ணி குடிங்க சார், வேர்த்து ஊத்துது பாருங்க.

அந்தக் கைராசிதான் என் கழுத்தைப் பிடிச்சுது. என் ஊரு தூத்துக்குடி. வீட்டுக்காரி சொர்ணம் அங்க சத்துணவு அமைப்பாளர், அவ வேலையை விட்டுட்டு இங்க வர முடியாது. நம்ம மேனேஜ்மென்ட்டுக்கே அங்க ஒரு காலேஜ் இருக்கு, போன வருஷத்துலேருந்து டெக்னீஷியன் போஸ்ட் காலியா இருக்கு. நாலு தடவ டிரான்ஸ்ஃபருக்கு எழுதிக் குடுத்தேன். நாலையும் புருஷோத்தமன் சார் மேல அனுப்பல. ‘நீ போயிட்டா என் ஃபர்னஸ் ஊமையாயிடும்யா’ன்னு தோளைத் தட்டுறாரு. நல்ல மனுஷன். திட்டியிருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன், தோளைத் தட்டுறவர்கிட்ட என்னத்தப் பேசுறது? போன பொங்கலுக்கு டெல்லியிலேருந்து யாரோ வர்றாங்கன்னு லீவைக் கேன்சல் பண்ணிட்டாரு. பொங்கல் அன்னிக்கு நான் இந்த ரூம்ல குமிழைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதுக்கு முன்னாடி என் மக பெரிய மனுஷி ஆனப்பவும் நான் இல்ல, ப்ளஸ் டூ எழுதுனப்பவும் நான் இல்ல. ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு ரூம், அங்கேருந்து இங்க, இங்கேருந்து அங்க. சொர்ணம் போன்ல வேற ஒண்ணும் கேக்க மாட்டா. ‘உங்க அடுப்பு எப்பங்க அணையும்?’ இதுதான். நான் என்ன பதில் சொல்லுவேன்? நானாவா அணைக்காம வெச்சிருக்கேன்? எல்லாரும் சேந்து என்னைக் கட்டிப்போட்டு வெச்சிருக்காங்க சார். ஒருத்தன் கையில ராசி இருந்துட்டா அவனை விட்டுடுவாங்களா?

ஜெசிமாவா? அது மேலப்பாளையத்துப் பொண்ணு. அஞ்சு வருஷமா இங்கதான் கெடக்கு. அண்ணே அண்ணேன்னு உசுரை விடும். பேப்பர் வெளிய வந்ததும் வேற ஊர் லேப்லேருந்து கடுதாசி வந்துச்சு, நீங்க எழுதுன மாதிரியே இருநூறு வோல்ட்ல போட்டோம், எங்களுக்கு உடையுதேன்னு. அப்பத்தான் அது தானே குமிழ்கிட்ட நின்னு போட்டுப் பாக்க ஆரம்பிச்சுது. ரமலான் மாசம். நோன்பு வேற. இந்த வெக்கையில ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம நிக்கும். லாக் புக்குல நான் எழுதுனதை வரி வரியா வாசிச்சு, அப்படியே வெக்கும். இருநூறு வெச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். டப்புனு உடையும். நாப்பத்தியொரு துண்டு சார். உடைஞ்சதையெல்லாம் தேதி எழுதி ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வெச்சிருக்கு. ‘ஏம்மா உடம்பைக் கெடுத்துக்குற, நான் போட்டுத் தர்றேன்’னேன். ‘நீங்க போட்டா வரும்ணே, எனக்கு ஏன் வரலன்னுதான் தெரியணும்’னுச்சு.

நல்ல பொண்ணுதான். பிடிவாதம்.

அது ஒருத்திதான் கைராசின்னு சொல்லல. பவர் சப்ளையில ஏதோ கோளாறு இருக்குன்னு மூணு தடவ சாருக்கு எழுதிக் குடுத்துச்சு. ‘கோளாறுன்னா மாசிலாமணிக்கு மட்டும் எப்படிம்மா வருது’ன்னு மூணு தடவையும் சார் தள்ளிட்டாரு. இப்ப உங்களை வரவழைச்சது கூட அதுதான், பிரின்சிபாலை நேராப் பாத்து.

வைகாசியில ஜெசிமாவோட டாக்டர் பட்டத்துக்கு வைவா. வெளியூர்லேருந்து எக்ஸாமினரா ஒரு அம்மா வந்தாங்க. ரொம்பக் கறார். ஆராய்ச்சி பண்ண பொண்ணு தன் கையால என் கண்ணு முன்னாடி போட்டுக் காட்டட்டும், அந்த டெக்னீஷியனை வெளிய நிக்கச் சொல்லுங்கன்னாங்க. என்னை வெளிய அனுப்பிட்டாங்க சார். என் ஃபர்னஸ் எரியுது, நான் காரிடார்ல நிக்கிறேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல. கொஞ்ச நேரத்துல பிரின்சிபால் ரூம்ல கரண்ட் போச்சு. எனக்குப் புரிஞ்சிடுச்சு.

அந்த அம்மா ஒண்ணும் கத்தல. ஆறு மாசம் டயம் குடுத்துட்டுப் போயிட்டாங்க. மறுபடி போட்டுக் காட்டணும், அதோட, முன்னாடி அந்த நூத்திப் பன்னெண்டும் எப்படி வந்துச்சுன்னு விளக்கம் எழுதிக் குடுக்கணும். விளக்கம் இல்லன்னா அந்த ரிசல்ட்டெல்லாம் ஜோடிச்சதுன்னுதான் எடுத்துக்குவேன்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம் இந்த மாசத்தோட முடியுது. ஊர்ல அதோட அண்ணன் போதும் வா, படிச்சது போதும்ங்கிறாரு. பட்டமும் போயி, பொய் சொன்னவள்னு பேரும் வாங்கிட்டுப் போகணும் அது.

அன்னிக்கு சாயங்காலம் இதே இடத்துல, நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியிலதான் உக்காந்துச்சு. அழல. ‘அண்ணே, நீங்க என்ன பண்றீங்க? ஏதோ ஒண்ணு பண்றீங்க. சொல்லுங்கண்ணே’ன்னு கேட்டுச்சு.

நான் ஒண்ணும் பண்ணலம்மான்னேன். எல்லாம் கைராசிதான்னேன்.

ஏன் சொல்லலன்னா எப்படி சார்? நீங்க எவ்வளவு லேசாக் கேட்டுட்டீங்க. குமிழைத் தொட மாட்டேன்னு எழுதிக் குடுத்த கையெழுத்து ஃபைல்ல இருக்கு. தொட்டேன்னு சொன்னா ஒரு தடவ தொட்டதா ஆகுமா? நூத்திப் பன்னெண்டு தடவ. லாக் புக்குல பொய் எழுதுனதும் நான்தான்னு ஆகும். பொய் இல்ல அது, வெச்சது இருநூறுதான், ஆனா என்கொயரியில அதை யாரு கேப்பா? இப்ப புது ரிஜிஸ்ட்ரார் வந்திருக்காரு. அவர்கிட்ட நேராப் போயி அழுதேன். எச்.ஓ.டி.யைக் கேக்காமலே ஆர்டர் போடறேன்னுட்டாரு. திங்கக்கிழமை டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கையில வருது சார். இன்னிக்கு வெள்ளி. சொர்ணம்கிட்ட சொல்லிட்டேன். பதினெட்டு வருஷத்துல மொத தடவ அவ போன்ல சிரிச்சா.

மூணு நாளு. மூணு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் வெளிய போயிடுவேன்.

உங்க கார்டு நல்ல கார்டுதானே? அது இருந்தா இனிமே யாரு போட்டாலும் வரும்தானே? அப்புறம் என்ன? இன்னிக்கு ஜெசிமா போடும், ஜம்முனு வரும், எக்ஸாமினர் அம்மாகிட்டயும் போட்டுக் காட்டும். முடிஞ்சுது. பழசுக்கு விளக்கம்தானே வேணும்? நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. உங்க சர்வீஸ் ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுங்க. கார்டு முழுசாக் கருகல, விட்டு விட்டு வேலை செஞ்சிருக்குன்னு. மாசிலாமணி போடும்போது தற்செயலா வேலை செஞ்சிருக்கு, மத்தவங்க போடும்போது செய்யல. நடக்காத விஷயமா? கரண்ட்டுல என்னவும் நடக்கும். ஒரு வரிதான் சார். உங்க பேனாவுல என்ன குறைஞ்சிடப் போகுது?

ம்.

அப்படி எழுத முடியாதுங்கிறீங்க. கருகிப்போன கார்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படி எழுத மாட்டேங்கிறீங்க. ம். அதுவும் சரிதான். நீங்களும் கையெழுத்துப் போடுறவர்தானே.

சொல்லிடுங்கன்னு நீங்க சுலபமாச் சொல்றீங்க. எதை சார் சொல்றது? உனக்கு இல்லாத ராசி எனக்கு ஒண்ணும் இல்லம்மா, பிரின்சிபாலுக்குப் பயந்து குமிழை இறக்குனேன், அவ்வளவுதான்னு சொல்லணுமா? நோன்போட நீ நாப்பத்தியொரு தடவ உடைச்சப்ப பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லணுமா? இவங்க எல்லாரும் என்னைக் கட்டிப்போட்டாங்க கட்டிப்போட்டாங்கன்னு இவ்வளவு நேரம் உங்ககிட்ட...

எண்ணூத்தி நாப்பத்தஞ்சு. ஒரு நிமிஷம். கையெழுத்துப் போட்டுட்டேன்.

யாருகிட்டயும் இவ்வளவு பேசுனதில்ல சார். சொர்ணத்துகிட்ட கூட குமிழைப் பத்திச் சொன்னதில்ல. நீங்க யாரோ, கோயம்புத்தூர்க்காரரு, சாயங்காலம் பஸ் ஏறிப் போயிடுவீங்க. உங்ககிட்ட எப்படிக் கடகடன்னு வந்துச்சு பாருங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சு போச்சு. ஆறு மாசம் அந்தப் பொண்ணு இதே ரூமுக்கு வந்துட்டுப் போயிருக்கு.

கதவைத் தட்டுறது அதுதான். நேரத்துக்கு வந்துடும்.

இல்ல, நீங்க சொல்ல வேணாம். நீங்க உக்காருங்க. ரெஜிஸ்டரை அப்படியே தொறந்து வெச்சிருங்க, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

வாம்மா ஜெசிமா. எண்ணூத்தம்பது வந்துடுச்சு, இரு, அவசரமில்ல. மொதல்ல உக்காரு. குமிழ்ல நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு இந்த சார்கிட்ட இப்ப எல்லாம் சொல்லிட்டேன். உன்கிட்டதான் இன்னும் சொல்லல.